சோடாக் கடை நடத்திய பல் டாக்டர்

சிதம்பரத்தில் பஸ் ஏறி, கீரப்பாளையம் தாண்டி, வெள்ளாற்றுப் பாலம் வந்தால் எங்க ஊர் புவனகிரி. அங்கே தாத்தா வீட்டு ஜன்னல் திட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி தாத்தா அதில் தண்ணி ஊற்றி, வாயிலிருந்து பல்செட்டைக் கழற்றிப் போடுவார். சின்ன வயசில் அதைப் பார்த்து நான் அலறி இருக்கேனாம். கொஞ்சம் வளர்ந்ததும் பயம் போயிடுச்சு. வயசானா முடி நரைக்கிற மாதிரி, பல்லும் கழண்டு டம்ளருக்குப் போயிடும்னு நினைச்சுக்கிட்டேன். போன செமஸ்டர்லதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாத்தாவோட கடைசிப் பல் போனது 1989-ல். அப்ப அவருக்கு வயசு 44. இன்னைக்கு எங்க அப்பாவுக்கு இருக்கிற வயசைவிடக் கம்மி.

திடீர்னு ஏன் அந்தக் கணக்கு? காரணம் ஹாஸ்டல் வாஷ்பேசின். காலையில் பல் தேய்ச்சுத் துப்பினா நுரை ரோஸ் கலர்ல வருது. பிரஷ் மேல பழி போட்டேன். பேஸ்ட்டை மாத்தினேன். மூணு மாசம் இப்படியே ஓடிச்சு. கடைசியில் ரூம்மேட் நச்சரிப்பு தாங்காம அண்ணாமலை நகர் பல் மருத்துவமனைக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் போனில் எதையோ தேடப் போய், ஒரு மனுஷரோட வாழ்க்கையில மாட்டிக்கிட்டேன். என் ஈறு கதையைக் கடைசியில் சொல்றேன். முதலில் அவர் கதை.

நமக்குப் பிடிச்ச ஒரு தேதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1794-ல் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கினார்கள். அதுதான் பின்னாடி கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் ஆச்சு. 1835-ல் கல்கத்தாவிலும் சென்னையிலும் மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகள் வந்துவிட்டன. சரி, பல்லுக்கு? அதுக்கு இன்னும் 85 வருஷம் ஆச்சு. உடம்பில் மற்ற எல்லாவற்றையும் படிக்க இடம் இருந்த நாட்டில், வாய்க்குள்ள இருக்கிற 32-ஐப் படிக்க 1920 வரைக்கும் ஒரு காலேஜ் கிடையாது. பல் வலிச்சா கிராம்பு வைப்பாங்க. அதுக்கும் அடங்கலைன்னா சந்தையில் குறடு வச்சிருக்கிறவர் முன்னாடி போய் வாயைத் திறப்பாங்க. பெரிய ஊர்களில் சீனர்கள் நடத்திய பல் கடைகள் இருந்தன. வெளிநாட்டில் படிச்ச டென்டிஸ்ட்கள் சிலரும் இருந்தாங்க. அவர்களிடம் போகிறவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளும் பணக்காரர்களும்தான்.

1920-ல் அந்தக் கல்லூரியை ஆரம்பிச்சது அரசாங்கம் இல்லை. ஜமீன்தாரும் இல்லை. முப்பது வயசைத் தொடப் போகிற ஒரு தனி ஆள். பேர் ரஃபியுதீன் அகமது.

1890 டிசம்பர் 24-ல் கிழக்கு வங்காளத்தில் பர்தன்பாரா என்ற ஊரில் பிறந்தார். இப்போது அது பங்களாதேஷ். டாக்காவில் மதரசாவில் படித்துவிட்டு, அலிகாருக்குப் போய் 1908-ல் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் கப்பல் ஏறிவிட்டார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் படிப்பு என்றால் லண்டன்தான்: பாரிஸ்டர் ஆகலாம், ஐ.சி.எஸ். எழுதலாம். இவர் போனது அமெரிக்காவுக்கு. அதிலும் நியூயார்க்கில் தங்காமல், நடு அமெரிக்காவில் சோளக்காட்டு மாநிலமான அயோவாவுக்கு. அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் சேர்ந்து 1915-ல் டி.டி.எஸ். பட்டம் வாங்கினார்.

இங்கே கொஞ்சம் நின்னு போகணும். ஏன்னா அந்த வருஷங்களில் அமெரிக்காவில் பல் மருத்துவம் என்பது கிட்டத்தட்ட நம்ம டிபார்ட்மென்ட் சமாச்சாரமா மாறிக்கிட்டு இருந்தது. அதுக்குக் காரணம் சிகாகோவில் இருந்த ஜி.வி. பிளாக் என்ற டென்டிஸ்ட். அவருக்கு முன்னாடி, சொத்தையைச் சுரண்டிவிட்டுக் கையில் கிடைச்ச உலோகத்தை அடைக்கிறதுதான் வேலை. பிளாக் அதை டிசைன் பிராப்ளமா எடுத்துக்கிட்டார். மெல்லும்போது பல்லில் எவ்வளவு விசை விழுகிறது என்று அளக்க ஒரு கருவியே செய்தார். (கடைவாய்ப் பல்லில் முழு பலத்தோட கடிச்சா 500 நியூட்டனுக்கு மேல போகும். முறுக்கு சாப்பிடும்போது நினைச்சுக்கோங்க.) அப்போது அடைக்கப் பயன்பட்ட அமால்கம் என்பது வெள்ளி, தகரம், கொஞ்சம் செம்பு சேர்ந்த தூளைப் பாதரசத்தோடு பிசைவது. சில நிமிஷம் களிமண் மாதிரி இருக்கும், அப்புறம் இறுகிவிடும். சிக்கல் என்னன்னா, இறுகும்போது விரிஞ்சா பல் வெடிக்கும். சுருங்கினா ஓரத்தில் இடைவெளி விழுந்து அதுக்குள்ள மறுபடியும் சொத்தை. பிளாக் மைக்ரோஸ்கோப் வைத்து வருஷக்கணக்காக அளந்து, அதிகம் விரியாமலும் சுருங்காமலும் இருக்கிற கலவை விகிதத்தை 1890-களின் நடுவில் கண்டுபிடித்தார்.

அமால்கம் பல்லோடு ஒட்டாது. அதனால் குழியை எப்படி வெட்டுறோம் என்பதுதான் எல்லாம். வாய் குறுகி உள்ளே அகலமாக வெட்டினால் அடைத்தது வெளியே வராது. கதவு நிலையில் தச்சர் போடும் புறாவால் இணைப்பு மாதிரிதான். அடிப்பகுதி தட்டையாக இருக்கணும், இல்லாவிட்டால் கடிக்கும்போது ஆப்பு மாதிரி இறங்கிப் பல்லைப் பிளந்துவிடும். குழி பல்லின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை வைத்து பிளாக் ஐந்து வகை பிரித்தார். இன்னைக்கும் பி.டி.எஸ். படிக்கிறவங்க அந்த வகைப்பாட்டைப் படிச்சிட்டுத்தான் வர்றாங்க. பிளாக் 1915-ல் இறந்தார். அகமது பட்டம் வாங்கினது அதே வருஷம்.

பட்டம் வாங்கியதும் பாஸ்டனுக்குப் போய், ஃபோர்சைத் குழந்தைகள் பல் மருத்துவமனையில் சேர்ந்தார். திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ரப்பர் வியாபாரத்தில் சம்பாதித்த ஃபோர்சைத் சகோதரர்கள், வசதியில்லாத வீட்டுக் குழந்தைகளுக்காகவே கட்டிய ஆஸ்பத்திரி அது. 1918 வரைக்கும் அங்கே வேலை பார்த்தார். அவர் பாதையை அங்கேதான் முடிவு பண்ணியிருக்கணும்னு எனக்குத் தோணுது. ஏழைக் குழந்தையின் பல்லையும் பிடுங்காமல் அடைத்துக் காப்பாற்றலாம், அதுக்கு ஒரு கட்டடமும் பயிற்சி பெற்ற ஆட்களும் போதும் என்பதை மூணு வருஷம் தினமும் கையால் செஞ்சு பார்த்தவர் அவர்.

முதல் உலகப் போர் முடிந்தது. 1919-ல் கல்கத்தா திரும்பினார். அமெரிக்கப் பட்டம், பாஸ்டன் அனுபவம். ஒரு நல்ல தெருவில் கிளினிக் போட்டு உட்கார்ந்திருந்தால் போதும், வாழ்க்கை ஓடியிருக்கும். அவர் 1920-ல் கல்கத்தா டென்டல் காலேஜைத் தொடங்கினார். காசு? அதுக்குத்தான் சோடாக் கடை.

நம்ம பக்கம் சோடாக் கடைன்னா கோலி சோடா, பன்னீர் சோடா. இது வேற. பத்து வருஷம் அமெரிக்காவில் இருந்தவர். அங்கே மருந்துக் கடைகளிலேயே நீளமான கவுன்டர் போட்டு ஐஸ்கிரீமும் கலர் சோடாவும் விற்றுக்கொண்டிருந்த காலம். அதே பாணியில் கல்கத்தாவில் ஒன்றைத் திறந்து, நியூயார்க் சோடா ஃபவுன்டன் என்று பேர் வைத்தார். அதில் வந்த வருமானம்தான் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நடத்தியது. இப்போ நாம பூட்ஸ்டிராப்பிங் என்று ஹேக்கத்தான் மேடையில் பேசுறோமே, அதை மனுஷர் அப்பவே செஞ்சிருக்கார்.

இதில் இருக்கிற நகைச்சுவை உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். பல்லின் எனாமல் உடம்பிலேயே கெட்டியான பொருள். நூற்றுக்கு 96 பங்கு தாது உப்பு. ஆனால் வாயின் பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் அது கரைய ஆரம்பிக்கும். கோலா பானங்களின் பி.எச். 2.5 பக்கம். போதாததற்குச் சர்க்கரை, அதைத் தின்று அமிலம் கக்குவதற்கென்றே வாயில் பாக்டீரியா காத்திருக்கும். கல்கத்தாவின் பல்லுக்கு ஒரு கையால் சோடா ஊற்றி, அந்தக் காசில் மறுகையால் டென்டிஸ்ட்களை உருவாக்கினார் என்று கிண்டல் பண்ணலாம். பண்ணிக்கோங்க. ஆனா அந்தக் காசு இல்லாமல் அந்தக் காலேஜ் நடந்திருக்காது.

ஆள் சேர்ந்தாங்களா? பெரிசா இல்லை. முதல் சில வருஷங்களில் மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறான் என்று சொன்னால் பெருமை. பல்லைப் பிடுங்கப் படிக்கிறான் என்று எந்த வீட்டில் சொல்லிக்கொள்வார்கள்? சந்தையில் எழுதப் படிக்கத் தெரியாத ஆள் அரை நிமிஷத்தில் செய்கிற வேலைக்கு எதுக்கு வருஷக்கணக்கில் படிப்பு? அகமதுவோட வாழ்க்கை முழுக்க இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்றதிலேயே போச்சு. பிடுங்குவதற்குக் குறடும் மணிக்கட்டில் பலமும் போதும். காப்பாற்றுவதற்குத்தான் எங்கே வெட்டணும், எவ்வளவு வெட்டணும், நரம்பு எவ்வளவு பக்கத்தில் இருக்கு, எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கு என்றெல்லாம் தெரிஞ்சிருக்கணும்.

அன்றைய வேலைச் சூழலையும் யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கு விசில் மாதிரி சத்தம் போடுற ஏர் டர்பைன் டிரில், நிமிஷத்துக்கு மூணு லட்சம் சுற்று சுத்தும். அது சந்தைக்கு வந்ததே 1957-ல். அகமதுவின் மாணவர்கள் பழகிய காலத்தில் தையல் மெஷின் மாதிரி காலால் மிதிக்கும் டிரில்லும், பெல்ட்டில் ஓடும் மெதுவான மோட்டாரும்தான். வேகம் குறைஞ்சா அதிர்வு ஜாஸ்தி, சூடு ஜாஸ்தி, நோயாளிக்கு வலி ஜாஸ்தி. மரத்துப்போக ஊசி உண்டு. 1905-லேயே புரோக்கைன் கண்டுபிடிச்சாச்சு. அந்தக் கருவியை வச்சுக்கிட்டு, எனாமலைத் தாண்டி, நரம்பைத் தொடாமல், புறாவால் வடிவத்தில் குழி வெட்டுவது கையாலேயே படிச்சுக்க வேண்டிய வித்தை. அதுக்கு மாணவர்கள் கையில் புத்தகம் வேணும். அயோவாவிலும் பாஸ்டனிலும் படிச்ச தடிமனான அமெரிக்கப் புத்தகங்கள் கல்கத்தா மாணவனுக்கு எட்டாது. 1928-ல் பல் சீரமைப்பு சிகிச்சைக்கு மாணவர் கையேடு ஒன்றை அவரே எழுதி வெளியிட்டார்.

அதுக்கு முன்னாடியே, 1925-ல், வங்காளப் பல் மருத்துவர் சங்கம் தொடங்கினார். அதே வருஷம் இந்தியன் டென்டல் ஜர்னல் என்ற இதழும். அந்த இதழை இருபது வருஷத்துக்கு மேல, 1946 வரைக்கும், அவரே எடிட் பண்ணினார். நம்ம இ-இதழை இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை கொண்டுவரவே எடிட்டர் அண்ணா கண்ணில் தண்ணி வருது. எழுதித் தர்றேன்னு சொன்னவங்க இன்டர்னல்ஸ் வந்ததும் மாயமாயிடுறாங்க. அதனால் அகமது செஞ்சதிலேயே எனக்கு அதிக ஆச்சரியம் தந்தது இந்த இருபது வருஷம்தான்.

அந்தக் கல்லூரியில் படித்தவர்களில் ஒரு பெயர் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்: பாத்திமா ஜின்னா, முகமது அலி ஜின்னாவின் தங்கை. பெண்கள் காலேஜுக்குப் போவதே அபூர்வமான காலத்தில், அண்ணன் ஆதரவோடு கல்கத்தா போய்ப் பல் மருத்துவம் படித்து, 1923-ல் பம்பாயில் சொந்தமாகக் கிளினிக் திறந்தார். 1929-ல் அண்ணி இறந்த பிறகு கிளினிக்கை மூடிவிட்டு அண்ணன் வீட்டைக் கவனிக்கப் போனார். மற்றதெல்லாம் வரலாற்றுப் பாடம்.

இனி ஈறு. அகமதுவின் காலத்தில் பெரியவர்களின் பல்லை அதிகம் பறித்த எதிரிகளில் சொத்தைக்குச் சமமாக நின்றது பயோரியா. இப்போது பீரியடான்டைட்டிஸ் என்கிறார்கள். நம்ம வீட்டுப் பெரியவங்க வாயில் இன்னும் பயோரியாதான். சொத்தை வலிக்கும், கத்தும், உங்களை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகும். ஈறு நோய் அப்படி இல்லை, சத்தமே போடாது.

பல் எலும்பில் ஆணி அடிச்ச மாதிரி இறுகி நிற்கிறது என்று நினைக்கிறோம். இல்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நார்ப்படலம் இருக்கு. பல் அதில்தான் தொங்குகிறது. ஷாக் அப்சார்பர். தினமும் பல் மேல படியும் பிசுபிசுப்பான பாக்டீரியாப் படலத்தைச் சரியா எடுக்காவிட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து அது காரையாகக் கெட்டிப்படும். ஹாஸ்டல் பக்கெட்டில் உப்புத்தண்ணி விட்டுட்டுப் போற வெள்ளைக் கறை மாதிரி. காரை வந்துட்டா பிரஷ்ஷுக்கு அடங்காது. அதன் சொரசொரப்பில் மேலும் படலம் சேரும். ஈறு வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். இந்தக் கட்டத்தில் சுத்தம் பண்ணிவிட்டால் ஈறு பழைய நிலைக்கே திரும்பிடும், நஷ்டம் எதுவும் இல்லை. விட்டால் வீக்கம் உள்ளே இறங்கி, நாரை அறுத்து, எலும்பைக் கரைக்கும். கரைஞ்ச எலும்பு தானாகத் திரும்பி வராது. சொத்தையே இல்லாத முழுப் பல் ஒரு நாள் ஆட ஆரம்பிக்கும். சந்தைக்காரர் அதைப் பிடுங்கிக் கையில் கொடுப்பார், பார்க்க நல்ல பல்லாக இருக்கும். எங்க தாத்தாவுக்கு நடந்தது இதுதான். ஆடின பல்லை எல்லாம், ஒவ்வொன்றாக, ஆறேழு வருஷத்தில்.

சிகரெட் பிடிக்கிற நண்பர்களுக்கு ஒரு தகவல்: உங்களுக்கு ரத்தம் வரலைன்னு சந்தோஷப்படாதீங்க. புகை ஈறின் ரத்தக்குழாயைச் சுருக்கி அந்த எச்சரிக்கையை அமுக்கிடும். உள்ளே நோய் இன்னும் வேகமாப் போகும். சுகர் இருக்கிற அப்பா அம்மாவும் ஈறைக் கவனிக்கணும். சுகர் ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சுகரை ஏத்தும்.

கதைக்குத் திரும்புவோம். 1930-கள் வந்தபோது கல்லூரி இருந்தது, சங்கம் இருந்தது, இதழ் இருந்தது. ஆனால் யார் வேணும்னாலும் பலகை மாட்டிப் பல் டாக்டர் ஆகலாம் என்ற நிலைமை மாறவில்லை. நாலு வருஷம் படிச்சவனும், நாலு நாள் பார்த்துப் பழகினவனும் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்துக் கடை. அகமது கல்கத்தா மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தவர். சட்டம் எப்படி நகரும் என்று அவருக்குத் தெரியும். அவர் முன்னின்று உழைத்து 1939-ல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்கு அடுத்த வருஷம், 1948-ல், நாடு முழுசுக்கும் பல் மருத்துவர் சட்டம். 1949-ல் இந்தியப் பல் மருத்துவ கவுன்சில். 1950-களில் அகமதுவே அதன் தலைவராக இருந்தார்.

1948 சட்டத்தில் ஒரு இடம் என்னை யோசிக்க வைத்தது. பதிவேட்டில் இரண்டு பகுதி வைத்தார்கள். ஏ பகுதியில் பட்டம் வாங்கினவர்கள். பி பகுதியில், பட்டம் இல்லாவிட்டாலும் அதுவரை குறைந்தது ஐந்து வருஷம் அதையே பிழைப்பாகச் செய்துவந்தவர்கள். படிக்காதவனை எதுக்குச் சேர்த்தாங்கன்னு முதலில் கோபம் வந்தது. அப்புறம் எண்ணிப் பார்த்தேன்: நாடு முழுக்க சில காலேஜ்கள்தான், அதிலிருந்து வருஷத்துக்குச் சில பேர். அத்தனை ஊர் வாய்க்கும் அவர்கள் எப்படிப் போதும்? ஏற்கனவே இருந்தவர்களைப் பதிவுக்குள் கொண்டுவந்துவிட்டு, புதுசா யாரும் படிக்காம நுழைய முடியாதபடி கதவைச் சாத்துவதுதான் அன்றைக்கு நடக்கிற காரியம். கதவு காகிதத்தில் சாத்தப்பட்டது. சந்தைக்கு அந்தச் செய்தி வந்து சேர ரொம்ப வருஷம் ஆச்சு என்பது வேறு விஷயம்.

நடுவில் 1947. அகமது பிறந்த ஊர் ஒரே ராத்திரியில் வெளிநாடாகிவிட்டது. பாத்திமா ஜின்னா பாகிஸ்தான் போனார். அகமது கல்கத்தாவிலேயே இருந்தார். 1949-ல், சோடா விற்று வளர்த்த கல்லூரியை மேற்கு வங்க அரசுக்கே கொடுத்துவிட்டார். நிலத்தின் மதிப்பு, சீட்டின் விலை என்று காலேஜைக் கணக்குப் பார்க்கிற நம்ம காலத்தில் இந்த ஒரு வரியை நான் இரண்டு தடவை படிச்சேன். அடுத்த பத்து வருஷம் டாக்டர் பி.சி. ராய் அமைச்சரவையில் மந்திரி. வேளாண்மை, கூட்டுறவு, அகதிகள் மறுவாழ்வு எனப் பல துறைகள். எல்லை தாண்டி லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து ரயில்வே பிளாட்பாரத்தில் படுத்திருந்த காலத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவருக்கு மறுவாழ்வுத் துறை.

1964-ல் பத்மபூஷண். 1965 ஜனவரியில் பாகிஸ்தான் ஜனாதிபதி தேர்தலில் அயூப் கானை எதிர்த்து நின்று பாத்திமா ஜின்னா தோற்றார். அடுத்த மாசம், பிப்ரவரி 9-ல், அகமது கல்கத்தாவில் காலமானார். அவர் தொடங்கிய கல்லூரி இப்போது அவர் பெயரிலேயே மௌலாலியில் நடக்கிறது. பிறந்த நாளான டிசம்பர் 24-ஐ தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். மறுநாள் கிறிஸ்துமஸ் லீவு என்பதால் நமக்கு அது கண்ணிலேயே படறதில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. அது வளர்ந்துதான் இன்றைய அரசு பல் மருத்துவக் கல்லூரி. நம்ம பக்கத்தில், புவனகிரிக்குக் கிட்டவே, அண்ணாமலை நகரில், முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் இருந்த பல் மருத்துவக் கல்லூரி.

அங்கேதான் என் ஈறு. ஹவுஸ் சர்ஜன் ஒரு அக்கா. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு ஒவ்வொரு பல்லாக அளந்தார். பக்கத்தில் ஒரு ஜூனியர் எழுதிக்கொண்டே வந்தான். மூன்று, இரண்டு, மூன்று, மூன்று. மூன்று வரைக்கும் பரவாயில்லை. கீழே கடைவாயில் ஒரு இடத்தில் நான்கு. லேப்ல ரீடிங் எடுக்கும்போதுகூட ஒரு எண்ணுக்கு நான் அப்படிப் பயந்ததில்லை. எலும்பு இன்னும் சரியாக இருக்கு, இப்பவே வந்ததால் பிழைச்சீங்க என்று அக்கா விளக்கினார். ஸ்கேலிங் பண்ணினார். நொடிக்கு 25 ஆயிரம் தடவைக்கு மேல அதிரும் முனை, கூடவே தண்ணீர். காரை சில்லுசில்லாகக் கழன்று விழும். ஸ்கேலிங் பண்ணினா பல் ஆடும், எனாமல் போயிடும் என்று எங்க வீட்டில் பயமுறுத்தி இருந்தாங்க. உண்மையில் காரை அடைச்சிருந்த இடம் காலியானதும் நாக்குக்கு அப்படித் தோணும், அவ்வளவுதான். மேல்பல்லில் ஒரு சின்னச் சொத்தையும் இருந்தது. அதுக்கு அமால்கம் இல்லை, பல் நிறத்துலேயே ஒரு ரெசின். நீல விளக்கு காட்டினதும் சில நொடியில் இறுகிடுச்சு. இது பல்லோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் புறாவால் குழி வேண்டியதில்லை, கெட்டுப்போனதை மட்டும் எடுத்தால் போதும். பிளாக் பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

இரண்டாவது தடவை போகும்போது தாத்தாவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். பழைய பல்செட் லூசாகி, சாப்பிடும்போது குத்துதுன்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டிருந்தார். புதுசுக்கு அளவு எடுத்தாங்க. எடுத்து முடிக்கிற வரைக்கும் தாத்தா சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கிட்டே இருந்தார். ஆரோக்கியமான ஈறு, வீங்கின ஈறு, கரைஞ்ச எலும்புன்னு வரிசையா மூணு படம். வெளியே வரும்போது அந்த அக்காவிடம் இந்தக் காலேஜ் எந்த வருஷம் வந்ததுன்னு கேட்டார். 1980-ன்னு சொன்னாங்க.

தாத்தா பஸ் ஸ்டாண்டில் விரலை மடக்கி ஏதோ எண்ணினார். கீரப்பாளையம் வர்ற வரைக்கும் பேசவே இல்லை.